புதுப்பிப்பு: கீழ் போர்ஷன் சீலிங்கில் நீர்க்கசிவு, காரணம் கிடைத்தது

மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே, வாடகைக்கு விட்ட போர்ஷனின் சீலிங்கில் ஈரம் சொட்டுகிறது, டைல்ஸ் முழுக்கப் பெயர்க்கணுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பலன் தந்தது, "முதலில் தண்ணீர் கட்டிப் பாருங்கள்" என்ற யோசனைதான். அதற்கு முன், பாத்ரூமுக்குத் தண்ணீர் போகும் குழாயின் கேட் வால்வை இரவு அடைத்தோம், சொட்டு நின்றது. ஆனால் குழாய் திறக்காவிட்டால் வடிகாலிலும் நீர் ஓடாது, அதனால் இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. அப்புறம் நானி டிராப்பை (பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் வாய்) ரப்பர் பந்தும் துணியும் வைத்து இறுக அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டோம். 24 மணி நேரம் கழித்தும் மட்டம் குறையவில்லை, கீழே சொட்டும் இல்லை. அடைப்பை எடுத்ததுமே சொட்ட ஆரம்பித்தது. ஆக, தரை நன்றாக இருக்கிறது. டிராப்பும் பிவிசி பைப்பும் சேரும் ஜாயின்ட்தான் விட்டிருக்கிறது. டிராப்பைச் சுற்றி ஒரே ஒரு டைல் மட்டும் வெட்டி, ஜாயின்டை மாற்றி, டைல் இடுக்கை அடைக்கும் எபாக்ஸி கிரவுட் போட்டாயிற்று.

எதிர்பாராதது: சொட்டு நின்ற பிறகும் சீலிங் ஈரம் வாரக்கணக்கில் காயவில்லை. பெயின்டர் உடனே பட்டி பார்க்கத் துடித்தார், விடவில்லை.

செலவு யாருடையது என்று கேட்டவருக்கு: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவரால் வந்த சேதம் இல்லையென்றால் பைப் மாற்றுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. நான்தான் கொடுத்தேன்.