மறுமொழி: டேங்லிங் மாடிஃபயர்: தொங்கும் அடையா, முடிபு வழுவா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நுழைவுத்தேர்வு ஆங்கிலத்துக்கான நம் சொற்பட்டியலில் பெரும்பகுதி சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. சப்ஜெக்ட்-வெர்ப் அக்ரிமென்ட்டுக்கு எழுவாய்-பயனிலை இயைபு, பேரலலிசத்துக்கு இணையமைப்பு. இரண்டையும் யாரும் மறுக்கவில்லை. டேங்லிங் மாடிஃபயரில்தான் இழுபறி; வாக்கியத்தின் முன்னால் வரும் அடைத்தொடர், தனக்குரிய சொல்லோடு சேராமல் வேறொன்றைப் போய் ஒட்டிக்கொள்ளும் பிழை அது. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. ஒரு நண்பர் எழுதியது:

> தொங்கும் அடை என்றே வைத்துவிடலாமே. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள். கேட்டவுடன் புரியும்.

புரியாது என்பதுதான் என் கட்சி. அடை என்றதும் பாதிப் பேருக்கு அவியல் ஞாபகம் வரும், அது போகட்டும். தொங்குவது எது, எதிலிருந்து தொங்குகிறது என்று மாணவன் கேட்டால் என்ன சொல்வோம்? ஆங்கிலக்காரர்களுக்கே அது உருவகம்தான். உருவகத்தைத் தூக்கிவந்து இங்கே மாட்டினால் விளக்கம் தனியாக வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமாக, அந்தப் பெயர் கண்ணைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் அது கணினித் தேர்வாக மாறியது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவில் 64 நிமிடத்தில் 54 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம்கூடக் கிடையாது. அவற்றில் ஏறக்குறைய கால்வாசி வாக்கிய இலக்கணம். அங்கே இந்தப் பிழையைப் பெரும்பாலும் எப்படிக் கேட்கிறார்கள்? முன்னால் வரும் அடைத்தொடரை அப்படியே கொடுத்து, கால்புள்ளி வைத்து, அதற்குப் பிறகு கோடிட்ட இடம் விடுகிறார்கள். அதே அச்சில் நானே ஒன்று செய்து பார்த்தேன்:

கல்கத்தாவில் ஒளிச்சிதறலை ஆராய்ந்து, ________

அ) 1930இல் நோபல் பரிசு சி.வி. ராமனுக்குக் கிடைத்தது.
ஆ) சி.வி. ராமனின் 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு 1930இல் நோபல் பரிசைப் பெற்றது.
இ) சி.வி. ராமன் 1930இல் நோபல் பரிசு பெற்றார்.
ஈ) 1930ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றவர்களில் சி.வி. ராமனும் உண்டு.

ஆராய்ந்தவர் ராமன். பரிசு ஆராயவில்லை, கண்டுபிடிப்பும் ஆராயவில்லை. ஆகவே இ. (ஈ-யில் இன்னொரு கோளாறும் இருக்கிறது: அந்த ஆண்டு இயற்பியல் பரிசு அவர் ஒருவருக்கே. இலக்கணக் கேள்விக்கு அது தேவையில்லை, சும்மா சொல்லிவைத்தேன்.) ஆ-தான் ஆளைக் கவிழ்ப்பது. ராமன் என்ற பெயர் கால்புள்ளியை ஒட்டியே நிற்பதால் சரிபோலத் தெரியும். ஆனால் அவர் வேற்றுமை உருபு ஏற்று நிற்கிறார், எழுவாயாக இருப்பது கண்டுபிடிப்பு. ஆங்கிலத் தேர்விலும் உடைமைப் பெயரை வைத்துத்தான் இந்தப் பொறியைப் போடுகிறார்கள்.

கவனியுங்கள், அடையில் யாரும் கை வைக்கவில்லை. நான்கு விடைகளிலும் மாறுவது அதன் முடிபுதான், அதாவது அது போய்ச் சேரும் சொல்தான். அப்படியிருக்க, பெயர் மட்டும் அடையைத் திட்டுவானேன்?

அடுத்து, தமிழாசிரியர் ஐயா எழுதியது:

> நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: எச்சத்திரிபு.

ஓர் எச்சம் இன்னோர் எச்சத்தின் பொருளில் வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஐயா சொன்னதில் பாதி எனக்கு மிகவும் பிடித்தது. இந்த விதி நமக்கு இரவல் இல்லை. வினையெச்ச வாய்பாடுகளில் செய்து என்பது உட்பட முதல் மூன்றும் ‘வினைமுதல் முடிபின’ என்கிறது தொல்காப்பியம்; எச்சத்தின் செயலைச் செய்தவரே முடிக்கும் வினைக்கும் எழுவாயாக வேண்டும் என்பது பொருள். நன்னூலும் வினையெச்சங்களைப் பிரித்து, முதல் நான்கும் கடைசி மூன்றும் வினைமுதல் கொள்ளும் என்று சொல்லிவிட்டு, மற்றவற்றை ‘பிறவும் ஏற்கும்’ (வேறு எழுவாயும் வரலாம்) என்று விட்டுவிடுகிறது. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இடறுவது அந்தப் ‘பிறவும் ஏற்கும்’ வாசலில்தான்.

‘வாக்கிங் டு ஸ்கூல், த ரெயின் சோக்ட் மை புக்ஸ்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்தால் பையன் மனத்துக்குள் ‘பள்ளிக்கு நடந்து போகும்போது மழை என் புத்தகங்களை நனைத்துவிட்டது’ என்று படித்துக்கொள்கிறான். நல்ல தமிழ், ஒரு குறையும் இல்லை. போனவன் ஒருவன், நனைத்தது வேறொன்று. ‘போகும்போது’ அதைத் தாங்கும். அதனால் ஆங்கிலமும் சரி என்று டிக் போட்டுவிடுகிறான். அதையே ‘பள்ளிக்கு நடந்து போய், மழை என் புத்தகங்களை நனைத்துவிட்டது’ என்று செய்து வாய்பாட்டில் சொல்லச் சொல்லுங்கள். மழையா நடந்து போனது என்று அவனே சிரிப்பான். பாடம் நடத்துகிறவர்களுக்கு என் சிபாரிசு: அடைத்தொடரை ‘போது’ போட்டுப் பெயர்க்கவே விடாதீர்கள்.

ஆனால் எச்சத்திரிபு என்ற பெயர் இதற்குப் பொருந்தாது. ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்பது ‘ஞாயிறு பட வந்தான்’ என்னும் பொருளில் வருவதை இலக்கணம் குற்றமாக எண்ணவில்லை. ‘சொற்றிரியினும் பொருள்திரியா வினைக்குறை’ என்று நன்னூல் அதற்கு இடம் கொடுத்து உட்காரவைக்கிறது. ஏற்றுக்கொண்ட திரிபு அது. தேர்வில் நமக்கு வேண்டியது மதிப்பெண் பறிபோகும் குற்றத்தின் பெயர். அதற்கு மரபில் இருக்கும் சொல் வழு. தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வழூஉச் சொல் நீக்குதலைக் கரைத்துக் குடித்தவர்கள்; அவர்களுக்கு இது புதுச்சொல்லும் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: முடிபு வழு.

வினைச்சொல்லே இல்லாத அடைக்கு என்ன செய்வது என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். நியாயமான கேள்வி. ‘இரும்புச்சத்து நிறைந்த, மருத்துவர்கள் முருங்கைக்கீரையைப் பரிந்துரைக்கிறார்கள்’ என்பது போன்றவை. ஆங்கிலத்தில் முன்னால் நிற்பது வெறும் பண்புத்தொடர். தமிழில் வரும்போது பெயரெச்சமாகிவிடுகிறது, இரும்புச்சத்து மருத்துவர்களுக்குப் போய்விடுகிறது. பெயரெச்சம் பெயரைக் கொண்டு முடியும், வினையெச்சம் வினையைக் கொண்டு முடியும் என்பது பள்ளிப் பாடம். இரண்டிலும் கெடுவது முடிபுதான். எனவே பெயர் தாங்கும்.

மிஸ்பிளேஸ்டு மாடிஃபயரையும் இதற்குள் அடக்கலாமா என்பதில் எனக்கே இரண்டு மனம். அங்கே உரிய சொல் வாக்கியத்தில் இருக்கும், தள்ளி உட்கார்ந்திருக்கும். முருங்கைக்கீரை அப்படித்தான். மழை வாக்கியத்திலோ நடந்தவன் எழுவாயாக எங்குமே இல்லை; ‘என்’ என்ற உடைமையோடு சரி. முடிபு வழுவைப் பொதுப்பெயராக வைத்து, முதலாவதை முடிபு விலகல், இரண்டாவதை முடிபின்மை என்று பிரிக்கலாம். தேர்வில் இந்தப் பிரிவினைக்கு வேலையில்லை, இரண்டையும் ஒரே மாதிரிதான் திருத்துகிறோம். அகராதிக்கு மட்டும் வேண்டும்.

எழுவாய் மயக்கம் என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம். ஒரு வேற்றுமை உருபு இன்னொன்றின் பொருளில் வருவதை வேற்றுமை மயக்கம் என்கிறோம்; மயக்கம் என்பதற்கு அங்கே வேறு வேலை இருக்கிறது, குழப்பும்.

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் வாக்கியத் திருத்தப் பகுதியையே எடுத்துவிட்டார்களே, இனி எதற்கு இந்தப் பாடு என்று கேட்டவருக்கு: உண்மைதான், 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அது இல்லை. அடிக்கோடிட்ட பகுதிக்கு ஐந்து விடைகள், முதல் விடை மூலத்தை அப்படியே திருப்பிச் சொல்லும் அந்தப் பழைய கேள்விகளுக்கு 2024 தொடக்கத்தோடு முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் எஸ்.ஏ.டி.யிலும், அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி.யிலும் வாக்கிய இலக்கணம் இருக்கிறதே. தேர்வே இல்லாவிட்டாலும் பிழைக்கு ஒரு பெயர் வேண்டாமா?

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கால்புள்ளியால் இணைக்கும் பிழையான கமா ஸ்ப்ளைசுக்குக் கால்புள்ளி ஒட்டு என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள், எனக்கு அதில் திருப்தியில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.