இ-பாஸ், மாதம் 6,000 வெள்ளி: ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம்?

மதுரைக்காரன்:
வணக்கம். அடுத்த மாதம் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்கிறேன். இ-பாஸ் என்ற வேலை அனுமதி, மாதச் சம்பளம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பிடித்தம் எதுவும் இல்லையாம். ஊரில் வீட்டுக் கடன் ஓடுகிறது. மாதம் 3,500 அனுப்ப முடியுமா? மனைவியையும் மகளையும் உடனே அழைத்து வரலாமா?

செங்காங்வாசி:
தம்பி, பிடித்தம் இல்லை என்பதால்தான் கவனமாக இருக்கச் சொல்கிறேன். இங்கே வரியை மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள், அடுத்த வருடம் மொத்தமாக நோட்டீஸ் வரும். முழு வருடச் சம்பளம் 72,000 என்றால் வரி சுமார் 2,700. மாதம் 230 வெள்ளியை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறையில், 12 தவணையாக, வட்டியில்லாமல் கட்டலாம். ஆனால் வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, வரிக் கணக்கு முடியும்வரை கம்பெனி சம்பளப் பாக்கியை நிறுத்தி வைக்கும். அப்போது டிக்கெட்டுக்கே கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரில் பி.எஃப். போல இங்கே இருக்கும் மத்திய சேம நிதியும் வெளிநாட்டவரான நமக்குக் கிடையாது, சேர்த்ததுதான் சொத்து.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சாதாரண அறை வாடகை எங்கள் பக்கம் 1,000 வெள்ளியை ஒட்டி வரும். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் முதல் மாத வாடகை, ஒரு மாத முன்பணம், முத்திரைத் தீர்வை 48 வெள்ளி. இதைக் கையோடு கொண்டு வாருங்கள். அப்புறம், சமைக்க விடுவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். 'லைட் குக்கிங்' என்று சொல்லும் பல வீடுகளில் நூடுல்ஸ், முட்டையோடு சரி, தாளித்தால் பிரச்சினை வரும். மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் மாதம் 600 ஆகிவிடும். சமைக்க முடிந்தால், லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் வாரம் ஒருமுறை வாங்கிப் போட்டு நன்றாகவே சாப்பிடலாம்.

3,500 அனுப்பலாம்தான், ஆனால் அவசரத்துக்கு ஒன்றும் நிற்காது. வெளிநாட்டவருக்கு மருத்துவமனையில் மானியம் இல்லை. முதல் வருடம் 3,000 போதும்.

ஈசூன் அக்கா:
குடும்பத்துக்கு டிபி (உடன் தங்கும் குடும்பத்தாருக்கான பாஸ்) எடுக்க நிலையான மாதச் சம்பளம் 6,000 வேண்டும். போனஸ், ஓவர்டைம் சேராது, ஆஃபர் கடிதத்தைப் பாருங்கள். பாஸ் கிடைத்தாலும் தனி வீட்டு வாடகைக்கே சம்பளத்தில் பாதி போய்விடும். அரசுப் பள்ளியில் மகளுக்கு இடம் உறுதியில்லை. டிபியில் வரும் மனைவி வேலை பார்க்கத் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். ஒரு வருடம் பொறுங்கள் தம்பி.

மதுரைக்காரன்:
நன்றி அண்ணா, அக்கா. வருவதற்கு முன்பே முன்பணம் அனுப்பி அறையைப் பிடித்து வைக்கலாமா?

செங்காங்வாசி:
வேண்டாம். வந்து அறையை நேரில் பாருங்கள். முகவர் என்றால் சிஇஏ (வீட்டு முகவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவேட்டில் அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேசுங்கள்.