அப்பாவின் சாரத்தில் (லுங்கியில்) செய்த மைக்கார்டா நடுவில் பிரிந்துவிட்டது: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

குழித்துறை_ரப்பர்

மூன்று வாரமாக மனதை அரிக்கிறது. அப்பா 28 வருடம் களியல் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். போன ஆனியில் தவறிவிட்டார். அவருடைய கத்திப்பிடி உளுத்துவிட்டது. துணியை அடுக்கடுக்காக ரெசினில் ஒட்டி இறுகவைத்த கட்டைதான் மைக்கார்டா. தோட்டத்துக்கு அவர் உடுத்திப்போகும் சாரத்தையே அடுக்கி, எப்பாக்சி என்ற இறுகும் ரெசினை ஊற்றி, அந்தக் கத்திக்கே பிடி போட நினைத்தேன். 60 துண்டுக்கு மேல் வெட்டினேன். ரெசின் 2 பங்குக்கு ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) 1 பங்கு. இரண்டு பலகைக்கு நடுவில் பாலித்தீன் விரித்து, நான்கு கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்க வைத்தேன். வெளியே பார்க்க அவ்வளவு அழகு. கட்டங்கள் எல்லாம் கருநீலமாக மின்னின.

ரம்பம் பாதி இறங்கியதும் சத்தம் மாறியது. கட்டை புத்தகம் போல விரிந்தது. உள்ளே துணி துணியாகவே இருந்தது. ஒட்டுப்பால் காய்ந்து கறுத்திருந்த இடத்தில் எல்லாம் ரெசின் ஏறவே இல்லை. அப்போது அந்த வாடை வந்தது. வெயில் ஏறியபின் அப்பா முற்றத்தில் வந்து நிற்கும்போது வரும் அதே பால் வாடை. அந்த வாடைக்காகத்தான் சாரத்தைத் துவைக்காமலே வைத்திருந்தேன். ரம்பத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

துவைத்திருந்தால் பிடி கிடைத்திருக்கும், வாடை போயிருக்கும். பாதிச் சாரம் இன்னும் மிச்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

நகரி_தறி

தம்பி, படித்ததும் எனக்கு என் கட்டைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் தறியிலேயே நெய்த புதுத்துணி, சுத்தப் பருத்தி. அரிவாள்மனைக்குப் பிடி போடலாம் என்று அடுக்கினேன். ஆணி இறக்க 4 மில்லிமீட்டர் துளை போட்டபோது, ட்ரில் முனை உள்ளிருந்து பாவு நூலை (நீளவாட்டு நூலை) இழுத்து, தார்க்குச்சியில் சுற்றுவதுபோல வரிசையாகச் சுற்றிக்கொண்டது. தறிச்சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். ஆனாலும் அந்த நூலைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

காரணம் கஞ்சி. பாவு அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போட்டுத்தான் தறியில் ஏற்றுவோம். அது நூலைச் சுற்றி அடைத்துக்கொள்ளும், ரெசின் உள்ளே போகாது. உங்கள் சாரத்திலும் அதுவாக இருக்கலாம். சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். துளி ஈரம் இருந்தாலும் ரெசின் பால்போல வெளுத்துவிடும். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டாம், அது குடிக்காது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ரெசினில் முக்கி, விரலால் அழுத்தி வழித்து அடுக்குங்கள். அடுக்கிவிட்டு மேலே ஊற்றினால் நடு அடுக்கு பட்டினிதான். கிளாம்பையும் ஒரேயடியாக முறுக்கக் கூடாது, ரெசின் மொத்தமும் ஓரத்தில் வழிந்துவிடும். ஓரம் முழுக்க மணிமணியாகக் கசியும்போதே நிறுத்திவிடுங்கள்.

தேங்காய்ப்பட்டணம்_வள்ளம்

அக்கா சொல்வது புதுத்துணிக்குச் சரி. 28 வருடம் வெட்டியவர் உடுத்தித் துவைத்த சாரத்தில் கஞ்சி ஏது? அது பால்தான். காய்ந்த ரப்பர் எதையும் உள்ளே விடாது.

எப்பாக்சிக்கு ஏன் இவ்வளவு காசு என்றும் தெரியவில்லை. நாங்கள் பைபர் வள்ளத்துக்குப் போடும் பாலியஸ்டர் ரெசினே கைப்பிடிக்குப் போதும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆடி மழை, பட்டறையில் வேலை இல்லை. மச்சான் வீட்டுப் பின்திண்ணையில் ஜீன்ஸ் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். ரெசின் இறுகத் தாமதம் ஆகிறது என்று, ஒரு மூடியில் இருந்த கேட்டலிஸ்டின் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) மேலேயே கோபால்ட்டை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) நேராக ஊற்றிவிட்டான். ஒரு சீறல். அடுத்த நொடி மூடி தீப்பிடித்தது, அவன் புருவம் இரண்டும் கருகிவிட்டன. அவன் மகள் அப்போதுதான் தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கு வந்தாள். நான்கு அடி முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் தூக்கத்தில் விழிக்கிறேன்.

அவை இரண்டும் நேரடியாகச் சேரவே கூடாது. கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட், அதுவும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள். கையுறை எல்லாம் பழக்கம் இல்லாதவர்களுக்கு. நாங்கள் 20 வருடமாக வெறும் கையோடுதான் வேலை பார்க்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை_மைதிலி

அண்ணா, கடைசி வரி மட்டும் வேண்டாம். அதைப் படித்துவிட்டுத்தான் எழுத வந்தேன்.

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை அடுக்கி எப்பாக்சியில் வளையல் செய்தேன். ஆறு மாதம் ஒன்றும் இல்லை. ஏழாவது மாதம் தங்கச்சி கல்யாணத்தன்று காலை எழுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டியிருந்தன, விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். தாலி கட்டும்போது நாதஸ்வரம் மட்டும் கேட்டது. நான் செய்த வளையலைத்தான் அவள் போட்டிருந்தாள், அதை நான் பார்க்கவே இல்லை.

ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் ஏறினால் பிறகு இறங்காது. இப்போது ரெசின் பாட்டிலைத் திறந்த அறைக்குள் போனாலே அரிக்கிறது. கையில் பட்டால் அசிட்டோன் போட்டுத் துடைப்பார்கள், அது இன்னும் மோசம், தோலுக்குள் ஏற்றிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். ரப்பர் கையுறையைவிட நைட்ரைல் நல்லது. தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் கட்டாயம்.

செங்கோட்டை_வைண்டிங்

மோட்டார் வைண்டிங் கடையில் ஹைலம் ஷீட் (மின்சாரம் கடத்தாத ரெசின் தகடு) பார்க்காத ஆள் கிடையாது. மைக்கார்டாவும் அந்தக் குடும்பம்தான். 1907இல் பேக்லைட் என்ற செயற்கைப் பிளாஸ்டிக் வந்தது. அந்த வகை ரெசினில் துணியையும் காகிதத்தையும் தோய்த்து, சூட்டோடு அழுத்தி, 1910 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க மின்சாதன நிறுவனம் செய்ததுதான் மைக்கார்டா. அந்தச் சூடும் அழுத்தமும் வீட்டில் வராது, அதனால்தான் நாம் எப்பாக்சி, பாலியஸ்டர் என்று போகிறோம். சிறுவனாக இருந்தபோது ஒரு பழைய மெஷினைப் பிரித்தார்கள். உள்ளே பல்சக்கரம் இரும்பு இல்லை, துணி. உடைந்த பல்லில் நெசவு தெரிந்தது. அந்தப் பல்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

சாரல் நேரத்தில் எப்பாக்சி போட்டால் மேலே மெழுகுபோல ஒரு பிசுக்குப் படியும். நான் அதைக் கழுவாமல் மேலேயே அடுத்த அடுக்கை ஒட்டினேன், பெயர்ந்து வந்துவிட்டது. சோப்புத் தண்ணீரில் கழுவி, 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்தது. குழித்துறைத் தம்பி, உங்கள் பக்கமும் மழைதான், அதைக் கவனியுங்கள்.

குழித்துறை_ரப்பர்

எல்லோருக்கும் நன்றி. மைதிலி அக்கா சொன்னதைப் படித்த அன்றே கையுறை வாங்கிவிட்டேன்.

மிச்சச் சாரத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பால் சிந்தியது எல்லாம் முன்பக்கம், முழங்காலுக்கு மேலே. பின்பக்கம் கறை இல்லை. பின்பக்கத்தை மட்டும் வெட்டி, சோடாவில் கொதிக்கவைத்துக் காயப்போட்டேன். கறைத்துண்டைத் தொடவில்லை, அம்மா மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். இந்த முறை ஒவ்வொரு துண்டாக முக்கி அடுக்கினேன். நேற்று சாயங்காலம் கிளாம்ப் போட்டேன். ஓரம் முழுக்க மணிமணியாகக் கசிந்தது.

நகரி_தறி

மழை நாள், தம்பி. 24 மணி நேரம் என்று நினைக்காமல் இரண்டு நாள் விடுங்கள். அறுக்கும் முன் ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னொரு நாள்.