தடைக்காலம் முடிந்து திறந்தபோது பூட்டியே நின்ற கணினி

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் குடும்பத்துக்கு இரண்டு விசைப்படகுகள் உள்ளன. ஐஸ், டீசல், வேலையாட்களின் பங்கு, அவர்கள் வாங்கிய முன்பணம் என்று ஆறு ஆண்டுக் கணக்கு முழுவதும் ஒரே மேசைக் கணினியில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும். கணினியையும் துணி போட்டு மூடிவிடுவோம். இந்த முறை தடை முடியும் வாரத்தில் திறந்தபோது, கடவுச்சொல் தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது. கணினிக்குள் நுழைய இருந்ததும் நிர்வாகிக் கணக்கு ஒன்று மட்டும்தான். அதை அமைத்துக் கொடுத்த மைத்துனர் கத்தாரில் இருக்கிறார். அவர் தொலைபேசியில் சொன்ன சொல்லும், டீசல் நோட்டின் பின்னட்டையில் நான் குறித்து வைத்திருந்த சொல்லும் ஒன்றாகவே இருந்தன.

கடையில் கேட்டபோது, ஃபார்மட் அடித்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. முன்பணம் வாங்கியவர்களிடம் எழுத்து எதுவும் இல்லை. என்னிடம் இருக்கும் பதிவுதான் அவர்களுக்கும் எனக்கும் சாட்சி. அது அழிந்தால், கடலுக்குள் ஒரே படகில் உயிரைப் பகிர்ந்துகொள்ளும் மனிதர்களுக்கிடையே சந்தேகம் முளைத்துவிடும்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்காள் மகன், “மாமா, முதல்ல கணக்கை வெளியே எடுத்துருவோம், கடவுச்சொல்லைப் பிறகு பாப்போம்” என்றான். அவன் சொன்ன அந்த வரிசைதான் எங்களைக் காப்பாற்றியது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி, கணக்குக் கோப்புகளை வேறொரு பென்டிரைவில் நகலெடுத்தான். அப்போது வட்டு படிக்க மட்டுமே திறந்தது, எழுத விடவில்லை. நகலெடுக்க அது போதும், கடவுச்சொல்லை நீக்க எழுதவும் வேண்டும். விண்டோஸ் 10 வழக்கமாக அணைக்கும்போது முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் நிற்கிறது. நுழைவுத் திரையில் ரீஸ்டார்ட் கொடுத்து, அங்கிருந்து நேராகப் பென்டிரைவுக்குப் போன பிறகே எழுத முடிந்தது.

விண்டோஸ் நம் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியை, சிஸ்டம்32 கோப்புறைக்குள் இருக்கும் சாம் (SAM) என்ற கோப்பில் வைத்திருக்கிறது. ஆகவே பழைய சொல்லை அங்கே படித்தறிய இயலாது. ஆனால் அந்தக் குறியை வெறுமையாக்கிவிட முடியும். சிஎச்என்டிபிடபிள்யூ (chntpw) என்ற மென்கருவியால் அவன் அதைச் செய்ததும், கடவுச்சொல் கேட்காமலே கணினி திறந்தது.

நான் வியந்தது அதற்குப் பிறகுதான். கணக்கில் பாம்பன் என்று ஆங்கிலத்தில் தட்டியபோது ‘எம்’ எழுத்து மட்டும் விழவே இல்லை. விசைப்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். அந்த விசைக்கு அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் ஓடும் கோடு அந்த இடத்தில் கறுத்து அறுந்திருந்தது. எங்கள் கடவுச்சொல்லில் பத்து எழுத்துகள், அவற்றில் ஒன்று ‘எம்’. திரையில் ஒவ்வொரு முறையும் ஒன்பது புள்ளிகளே விழுந்திருக்க வேண்டும். நான் எண்ணிப் பார்க்கவில்லை. நுழைவுத் திரையிலேயே கிடைக்கும் திரை விசைப்பலகையில் சுட்டியால் அழுத்தியிருந்தால் அன்றே திறந்திருக்கும். அப்படிச் செய்யாததற்கு ஓர் இழப்பும் உண்டு: உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் பழைய சொல்லோடு பிணைத்துப் பூட்டப்பட்டிருந்ததால், அவற்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. வங்கியில் புதிதாகப் பதிவு செய்ய இரண்டு நாள் அலைந்தேன்.

கீழக்கரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

தம்பி சொன்ன வழி எல்லாக் கணினிக்கும் பொருந்தாது என்பதை நான் பட்டு அறிந்தேன். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருந்தது. வட்டு முழுவதும் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் வட்டுப் பூட்டால் பூட்டப்பட்டிருந்தது. நுழைவுக்கான பின் (PIN) எண் மறந்துபோனதால், பென்டிரைவில் இயக்குவதற்காக, கணினி தொடங்கும் முறையைத் தீர்மானிக்கும் பயோஸ் அமைப்பை மாற்றினோம். உடனே நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அந்தச் சாவி மகனின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருந்தும், உறுதிக் குறியீடு துண்டித்துவிட்ட துபாய் எண்ணுக்கே சென்றது. புதிய எண்ணை ஏற்க அவர்கள் விதித்த காத்திருப்பு 30 நாள். அது கழிந்த பிறகு, கைப்பேசியில் சாவியைப் பார்த்து, ஒவ்வோர் இலக்கமாக மகன் வாசிக்க நான் தட்டினேன். இப்போது அது தாளில் எழுதப்பட்டு வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.

தங்கச்சிமடத்திலிருந்து மீண்டும்:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னதைப் படித்ததும் எங்கள் கணினியைப் பார்த்தேன், பிட்லாக்கர் இல்லை. அதனால்தான் அக்காள் மகனால் திறக்க முடிந்தது. பென்டிரைவோடு வரும் வேறு எவராலும் அப்படியே திறக்க முடியும். இரண்டாவது நிர்வாகிக் கணக்கு ஒன்றை இன்று அமைத்துவிட்டேன். வட்டைப் பூட்டுவதை, சாவியை எங்கே வைப்பது என்று மைத்துனரோடு பேசிய பிறகு செய்வேன்.