மீன் பிடிக்கப் போக எந்த வண்டி? 6 லட்சத்துக்குள், மூன்று பேர், ஒரு 50 லிட்டர் ஐஸ் பெட்டி

பெரம்பூர் தூண்டில்:

வணக்கம் நண்பர்களே. ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி தேடுகிறேன். பட்ஜெட் பேப்பர் வேலையெல்லாம் சேர்த்து 6 லட்சம். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மூன்று பேராகக் கிளம்புவோம். பெரும்பாலும் பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு. எப்போதாவது சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை வரை. சாமான்கள்: 7 அடி ஒற்றைத் துண்டு ராட் (தூண்டில் கம்பு) இரண்டு, இரண்டு துண்டாகப் பிரியும் 8 அடி ராட் இரண்டு, 12 அடி சர்ஃப் ராட் ஒன்று (கரையிலிருந்து கடலுக்குள் வீச, மூன்று துண்டு), 50 லிட்டர் ஐஸ் பெட்டி, உயிர் இறால் வாளி.

வாரநாளில் வீட்டு உபயோகமும் உண்டு. அம்மா ஏறி இறங்க வேண்டும். தெரு குறுகல், எதிரில் ஒரு ஆட்டோ வந்தாலே ஒதுங்க இடமில்லை. மனசில் இருப்பவை: பழைய மஹிந்திரா தார் 4×4 (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி), பொலேரோ, ஈக்கோ, வேகன் ஆர். மணலில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில்தான் தார் பக்கம் மனசு போகிறது. உங்கள் கருத்து?

முகத்துவாரம்:

முதலில் தார் விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் சொன்ன எந்த இடத்திலும் 4×4 இல்லாமல் மீன் பிடிக்க முடியாது என்ற நிலை இல்லை. தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அரை கிலோமீட்டர் நடந்தால் போதும். கடற்கரை மணலில் வண்டி ஓட்டவும் கூடாது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமை முட்டை இடுகிறது. டயர் ஏறினால் மணலுக்குள் இருக்கும் கூடு நசுங்கும்.

பழவேற்காட்டில் ஆபத்து மணல் இல்லை, உளை. ஏரிக்கரை மேலே வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரியும், அரை அடிக்குக் கீழே கருஞ்சேறு. அதில் இறங்கினால் 4×4 போட்ட வண்டி நாலு சக்கரமும் சேர்த்து மாட்டும், அவ்வளவுதான் வித்தியாசம். இறங்கும் முன் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். குதிகால் ஓர் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் வண்டி போகக் கூடாது. டார்ச் வெளிச்சத்தில் கண்ணை நம்பாதீர்கள், காலை நம்புங்கள்.

இன்னொன்று ஓதம். நம் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். ஆனால் முகத்துவாரத்தில் கரை சரிவே இல்லாத சமதரை, அதனால் அந்த ஒரு மீட்டர் வெகுதூரம் பரவும். நீர் வற்றியபோது நிறுத்திய இடம், கொடுவா கடிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் ஈரமாகிவிடும். காய்ந்த பாசிக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு மேலே நிறுத்துங்கள்.

என் ஓட்டு 5 சீட்டர் ஈக்கோவுக்கு. காரணங்கள்:

பின்னால் தட்டையான, பெரிய இடம். ஐஸ் பெட்டியை இடுப்புக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. 50 லிட்டர் பெட்டியில் 15 கிலோ ஐஸ், 10 கிலோ மீன், பெட்டியின் சொந்த எடை எல்லாம் சேர்த்தால் 30 கிலோவைத் தாண்டும். காலையில் ஏற்றுவதைவிட மதியம் களைப்போடு ஏற்றும்போதுதான் இது தெரியும். பக்கக் கதவு தள்ளு கதவு, குறுகல் தெருவில் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் அம்மா இறங்கலாம். நீளம் 3.7 மீட்டருக்கும் குறைவு. பின்சக்கர இழுவை என்பதால் பின்னால் பாரம் இருக்கும்போது பிடிப்பு நன்றாகவே இருக்கும்.

குறைகளும் உண்டு. தரை இடைவெளி 160 மி.மீ. தான், 13 அங்குல சக்கரம். ஏரிக்கரை வண்டித்தடத்தில் நடுமேடு உயரமாக இருந்தால் அடி தட்டும். ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டின் மேல் ஏற்றி ஓட்ட வேண்டும். ஈசிஆரில் பக்கக் காற்று அடித்தால் வண்டி ஆடும். எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே இருப்பதால் மதிய வெயிலில் சீட்டில் சூடு ஏறும். 2019ல்தான் டிரைவர் ஏர்பேக்கும் ஏபிஎஸ்சும் (சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்) வந்தன, அதற்கு முந்தைய வண்டி வேண்டாம்.

விலை குறைவாக இருக்கிறதே என்று கார்கோ மாடலைத் தொடாதீர்கள். அது சரக்கு வண்டிப் பதிவு, பின்னால் ஆள் உட்கார முடியாது. 7 சீட்டர் வாங்கிக் கடைசி வரிசையை நிரந்தரமாகக் கழற்றுவதும் தொல்லை. ஆர்சியில் உள்ள சீட் கணக்குக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வரும்.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் 7 அடி நீளத்தில் ஒரு பிவிசி குழாயைக் கையோடு எடுத்துப் போங்கள். டேஷ்போர்டின் இடது கீழ் மூலையிலிருந்து சீட்டுகளுக்கு நடுவே டிக்கிக் கதவு வரை வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ராட் நுனி உடைவது பெரும்பாலும் மீனால் இல்லை, டிக்கிக் கதவால்தான்.

காசிமேடு_கொக்கி:

ஈக்கோ சரிதான் அண்ணா, ஆனா வேகன் ஆர அப்படியே தள்ளிடாதீங்க. வாரத்துல ஆறு நாள் வீட்டுக்கு, ஒரு நாள் மீனுக்குன்னா அதான் லாபம். ஏசி நல்லா இருக்கும், அம்மாவுக்கு சீட் உயரமும் சரியா இருக்கும். டிக்கி 341 லிட்டர். பின் சீட்டு 60:40ஆ மடங்குற மாடலா பார்த்து எடுங்க. ஒரு பக்கம் மடக்கி ராட், பெட்டி. இன்னொரு பக்கம் மூணாவது ஆள். சிஎன்ஜி மாடல் மட்டும் வேணாம், சிலிண்டரே டிக்கிய தின்னுடும், பெட்டிக்கு எடம் இருக்காது.

பொலேரோ பத்தி: 180 மி.மீ. இடைவெளி, லேடர் சேசிஸ் (ஏணி மாதிரி இரும்புச் சட்டம்), பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்). கரடுமுரடான தடத்துக்கு இந்த லிஸ்ட்ல அதான் ராஜா. ஆனா அம்மா ஏறணும்னா படி வேணும், பெட்டி வைக்கிற உயரமும் ஜாஸ்தி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல்னா இன்னொரு தலைவலி: பெரம்பூர்ல இருந்து பக்கத்துல பக்கத்துல மட்டும் ஓட்டுனா புகை வடிகட்டில கரி அடைச்சுக்கும். அது எரிஞ்சு சுத்தமாக, கொஞ்ச நேரம் தொடர்ந்து நல்ல வேகத்துல ஓடணும். வாரம் ஒருக்கா பொன்னேரி ரோட்ல போற ஆளுக்கு பரவாயில்ல, மாசம் ஒருக்கா போற ஆளுக்கு செலவு.

ராட் வைக்க: உள்கூரைல இருக்குற கைப்பிடிங்களுக்கு குறுக்க முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு எலாஸ்டிக் கயிறு கட்டி, அதுமேல ராட்ட படுக்க வைங்க. ரீல் பின்பக்கம், நுனி முன்பக்கம். பிரேக் அடிச்சா முன்னாடி நகராத மாதிரி ரீல் காலை வெல்க்ரோ போட்டு கட்டிடுங்க. லூர (பொய் இரைய) கழட்டி பெட்டில போட்டுட்டு ஏத்துங்க. மூணு முனைக் கொக்கி சீட் துணில மாட்டுனா பரவாயில்ல, பின் சீட்ல இருக்கவன் காதுல மாட்டுச்சுன்னா அன்னைக்கு ஜிஹெச் தான்.

ரப்பர் லூர வெயில்ல நிக்கிற வண்டில விடாதீங்க. உருகி, பெட்டியோட பிளாஸ்டிக்கையும் சேத்து கரைச்சிடும். வந்த கவர்லயே வைங்க.

அடித்தளம் பார்ப்பவன்:

மேலே இருவரும் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எந்த மாடல் என்பதைவிட எந்த வண்டி என்பதுதான் முக்கியம். இந்த வேலைக்கு வாங்கும் வண்டியைக் கொல்வது உப்பு. மணலில் இறங்காவிட்டாலும் நாலு மணி நேரம் முகத்துவாரத்தில் நின்றாலே காற்றில் வரும் உப்பு ஈரம் எல்லா இடுக்கிலும் படியும்.

வாங்கும் முன் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும், தரையில் குனிந்து பார்ப்பது போதாது. பின்சக்கர வளைவின் உள்மடிப்பு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, சைலன்சர் மாட்டும் கொக்கிகள், பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய், பேட்டரித் தட்டின் அடி. ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று வந்தால் தகடு இருக்கிறது; மந்தமாக வந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது, அல்லது பட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு முந்தின வாரம் அடித்த புதுக் கறுப்புக் கோட்டிங் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் இந்த ஊரில் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். முன் சீட் தண்டவாளத்தின் போல்ட் துரு, தரை விரிப்புக்குக் கீழே இருக்கும் பஞ்சில் ஈரம், ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு, இந்த மூன்றும் சேர்ந்தே வரும். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

வாங்கிய பிறகு: திரும்பி வந்த அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஈசிஆர் ஓரம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் பயனில்லை. வீட்டில் மெட்ரோ வாட்டர் இருந்தால், செடிக்குச் சுற்றி அடிக்கும் ஸ்ப்ரிங்க்ளரை வண்டிக்கு அடியில் வைத்து இடம் மாற்றி மாற்றிப் பத்து நிமிடம் விட்டால் போதும். பிரஷர் வாஷை வயர் கனெக்டர், பேரிங் சீல் மேல் நேராக அடிக்கக் கூடாது, உப்புத் தண்ணீரை உள்ளேதான் தள்ளும். கழுவியதும் தெருவில் ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துக் காயவையுங்கள். இரவு ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதீர்கள். ஈர டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும், காலையில் வண்டி நகராது. முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

ஒத்தையடிப் பாதை:

ஒரு மாற்றுக் கருத்து. மூன்றாவது ஆள் வராத நாட்களுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்100 மாதிரி ஒரு வண்டியை யோசியுங்கள். ஏரிக்கரை மேல் கார் திரும்ப இடமில்லாத தடத்தில் அது போகும். காலடியில் 20, 25 லிட்டர் பெட்டி உட்காரும். இரண்டு துண்டு ராட்களை 75 மி.மீ. பிவிசி குழாயில் போட்டு இரண்டு முனையிலும் மூடி போட்டு வண்டியின் நீளவாக்கில் கட்டலாம். சர்ஃப் ராடின் அடி வளையம் பெரியது, அதற்கு 90 மி.மீ. எடுங்கள். குழாய் குறுக்குவாட்டில் நீட்டக் கூடாது. ஒற்றைத் துண்டு 7 அடி ராட் மட்டும் இதில் முடியாது. செயினுக்கு வாரம் ஒரு முறை எண்ணெய், இல்லாவிட்டால் உப்புக்குப் போய்விடும்.

பெரம்பூர் தூண்டில்:

அனைவருக்கும் நன்றி. தார் ஆசை போய்விட்டது. 5 சீட்டர் ஈக்கோ தேடுகிறேன், நல்ல வேகன் ஆர் கிடைத்தால் அதுவும் சரி. இரண்டு சந்தேகங்கள். அண்டர்பாடி கோட்டிங் உடனே அடிக்கலாமா? ஒர்க் ஷாப்பில் பழைய எஞ்சின் ஆயிலை அடித்தால் போதும் என்கிறார்கள். அப்புறம், மீன் வாடை. திங்கட்கிழமை அதே வண்டியில் குடும்பம் போக வேண்டும்.

அடித்தளம் பார்ப்பவன்:

பழைய ஆயில் வேண்டாம். ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், பிரேக் மேல் பட்டால் பிரேக் பிடிக்காது, புழுதி முழுவதும் அதில் ஒட்டும்.

கோட்டிங் அடிக்கும் வரிசை முக்கியம். அடிப்பகுதியைக் கழுவி முழுதாக ஒரு நாள் காயவிட வேண்டும். துருவை வயர் பிரஷால் தேய்த்து, துரு மாற்றி திரவம் தடவி, எபாக்ஸி பிரைமர், அதன் மேல்தான் ரப்பர் கோட்டிங். துருவின் மேல் நேராக அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறோம். வெளியே அழகாக இருக்கும், உள்ளே தகடு கரையும். கதவின் அடியிலும் தரைத் தகட்டிலும் உள்ள வடிகால் ஓட்டைகளை அடைக்கக் கூடாது. சைலன்சர், பிரேக் பாகங்கள், ஈக்கோவின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டு) மேல் படக் கூடாது. ஷாஃப்டில் ஒரு பக்கம் கனமாக ஒட்டினால் வேகத்தில் வண்டி அதிரும். மூடிய குழல் பாகங்களுக்குள் கோட்டிங் போகாது. அங்கே ஓட்டை வழியாக மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், செப்டம்பர் வாக்கில்.

காசிமேடு_கொக்கி:

வாடை மீன்ல இருந்து வரல, ஐஸ் உருகுன தண்ணில இருந்து வருது. பெட்டி வடிகுழாய் மூடி லேசா கசிஞ்சாலும் போதும். டிக்கில விளிம்பு வச்ச ரப்பர் டிரே போட்டு அதுமேல பெட்டி. துணி மேட்ட கழட்டி வீட்ல வச்சிட்டு வந்துடுங்க. மீனுக்கு சம எடை ஐஸ் போட்டா நம்ம வெயிலுக்கு தாங்கும். கட்டி ஐஸ உடைச்சு அடில ஒரு அடுக்கு, மேல ஒரு அடுக்கு. செவுள், குடல எடுத்துட்டு வச்சா இன்னும் நல்லது.

இறால் வாளில பாதிக்கு மேல தண்ணி வேணாம், ஸ்பீடு பிரேக்கர்ல தளும்பும். மூடி போட்டு, ஏரேட்டர் குழாய்க்கு மட்டும் சின்ன ஓட்டை.

சிந்திடுச்சுன்னா முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் சோப்பு. சுடுதண்ணி ஊத்துனா மீன் ரத்தமும் சளியும் வெந்து துணியோட ஒட்டிக்கும். அதுக்கப்புறம் சமையல் சோடாவ தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலைல வேக்குவம் போடுங்க. சென்ட் அடிக்காதீங்க, மல்லிப்பூவும் மடவையும் கலந்த வாசனைல குடும்பம் ஆட்டோ புடிச்சு போயிடும்.