சத்தம் கேட்குது, சொல் புரியலை: பட்டாளத்துக் காதுகள் பற்றிய அனுபவப் பகிர்வு

முன்னாள் காலாட்படை ஆயுதப் பயிற்சியாளர், உசிலம்பட்டி

உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கமிருந்து பட்டாளத்துக்குப் போகிற பையன்களுக்குக் கால், முதுகு, கண் பற்றியெல்லாம் சொல்லி அனுப்ப ஆள் இருக்கிறது. காதைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. பலருக்குக் காது போவது போர்முனையில்கூட இல்லை, சுடப் பழகும் சாதாரண ஃபயரிங் ரேஞ்சில்.

மில் மெஷின் போலத் தொடர்ந்து வரும் இரைச்சலுக்கு 85 டெசிபெல், 8 மணி நேரம் என்று ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். வெடிச் சத்தத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. உச்சம் 140 டெசிபெல்லைத் தாண்டினால் ஒரே வெடிகூடக் காதைக் கெடுக்கலாம். 5.56 மி.மீ. ரைஃபிள் சுடுபவரின் காதருகே சுமார் 155 முதல் 160 வரும். தோளில் வைத்துச் சுடும் 84 மி.மீ. ராக்கெட் லாஞ்சர் (ஆர்.எல்.) 180-ஐத் தாண்டும். பெரிய சத்தம் வந்தால் நடுக்காது எலும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு குட்டித் தசை இருக்கிறது. ஆனால் அது இறுகுவதற்குள் வெடி அடித்து ஓய்ந்துவிடும்.

வலது தோளில் சுடுபவருக்குப் பெரும்பாலும் இடது காதுதான் முதலில் அடி வாங்கும். கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது வலது காது தலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, இடது காது குழல் வாயைப் பார்த்து நிற்கிறது. குழல் நுனியில் உதைப்பைக் குறைக்கும் பிரேக் உள்ள ஆயுதமென்றால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் பலமாக அடிக்கும். பங்கருக்குள் சுட்டால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

இனி காதை அடைக்கும் ஃபோம் பிளக் மாட்டுவது. ரைஃபிள் எண்ணெயும் கரியும் இல்லாத கை வேண்டும். பிளக்கை விரல்களுக்கு நடுவில் உருட்டி, மடிப்பு விழாமல், மெல்லிய குச்சி போல ஆக்குங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் வளைந்த துவாரம் நேராகும். உடனே உள்ளே செலுத்தி, விரல் நுனியால் 20 முதல் 30 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த அரை நிமிடம்தான் எல்லாரும் விட்டுவிடுவது. விரலை உடனே எடுத்தால் ஃபோம் விரிந்து வெளியே தள்ளிக்கொண்டு வரும். எதிரில் நிற்பவருக்குப் பிளக்கின் பாதி வெளியே தெரிந்தால் அது மாட்டாத மாதிரிதான்.

சரிபார்க்க இரண்டு வழி. சத்தமாக எண்ணிப் பாருங்கள், உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்க வேண்டும். பிறகு உள்ளங்கையால் இரண்டு காதையும் மூடித் திறங்கள். மூடும்போது வெளிச்சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக அடைக்கவில்லை.

பிளக் பாக்கெட்டில் சத்தத்தை 33 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருப்பது ஆய்வகக் கணக்கு. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் முறைப்படி அதில் 7 கழித்துப் பாதியாக்கினால் 13 என்று வரும். நிஜத்துக்கு அதுதான் கிட்ட. ஆர்.எல்., மோர்ட்டார், பீரங்கிக்குப் பிளக்கின் மேல் காதையே மூடும் இயர் மஃப் கட்டாயம். இரண்டையும் போட்டால் எண்களைக் கூட்டிவிடக் கூடாது, அதிகமாக உள்ளதோடு 5 டெசிபெல் சேர்த்தால் போதும். மூக்குக்கண்ணாடியின் கம்பி மஃப் மெத்தைக்குள் இடைவெளி விடும். நம் ஊர் வியர்வைக்கு மெத்தை சீக்கிரம் விரிசல் விடும், விட்டால் மாற்றுங்கள். பஞ்சு பாதுகாப்பே இல்லை. 'ஆர்டர் கேட்கணும்' என்று ஒரு காதை மட்டும் அடைப்பவர்கள் திறந்து வைத்த காதைத்தான் இழக்கிறார்கள். மெதுவான பேச்சை விட்டு வெடியை மட்டும் தடுக்கும் துளைப் பிளக்கும் எலக்ட்ரானிக் மஃபும் அதற்காகவே இருக்கின்றன.

அந்தத் துளைப் பிளக்கிலும் காதில் உட்காரும் விதம்தான் முக்கியம். அமெரிக்கப் படைக்கு 3எம் கொடுத்த காம்பாட் ஆர்ம்ஸ் பிளக் மீது வந்த புகார், தண்டு குட்டை, போட்டவருக்கே தெரியாமல் தளர்கிறது என்பதுதான். தவற்றை ஒப்புக்கொள்ளாமலே அந்த நிறுவனம் 2018-இல் அரசுக்கு 91 லட்சம் டாலரும், 2023-இல் வழக்குப் போட்ட படைவீரர்களுக்கு சுமார் 600 கோடி டாலரும் தர உடன்பட்டது.

ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்), மதுரை

ரேஞ்சிலிருந்து வந்ததும் காது அடைத்து 'ங்ங்' என்று இரைந்து, மறுநாள் சரியாகிவிடும். 'சரியாயிருச்சு' என்று விடுவதுதான் ஆபத்து. ஒரு காதில் சத்தத்தை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. செத்தது முளைக்காது. கேட்கும் அளவு பழைய நிலைக்கு வந்தாலும் நரம்பு இணைப்புகள் கொஞ்சம் அறுந்தே இருக்கலாம்.

கேட்கும் திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமில் இந்தச் சேதம் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாக விழும், 8000-இல் கோடு மறுபடி ஏறும். சில இடங்களில் 3000, 6000 ஹெர்ட்ஸ் சோதனை விட்டுப்போகிறது. அவற்றையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சோதனைக்கு முன் 14 மணி நேரம் பெரிய சத்தம் கூடாது. திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுவிட்டு மறுநாள் காலை வந்தால் அளவு தப்பாக வரும்.

வீட்டில் எப்படித் தெரியும்? மனைவி 'தட்டு எடு' என்றால் 'கட்டு' என்றோ 'பட்டு' என்றோ கேட்கும். உயிரொலி பலமானது, தாழ்ந்த சுருதி, அது விழுந்துவிடும். முன்னால் நிற்கும் க், த், ப் வெடிப்பும், 'பசி'யில் வரும் ச-வின் சீறலும் மெல்லியவை, உயர்ந்த சுருதி. அவைதான் முதலில் போகும். அதனால்தான் 'சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு புரியலை' என்கிறார்கள். எதிரே நின்று கத்தினால் உயிரொலி மட்டும்தான் பெருகும். டிவியையும் மிக்ஸியையும் நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். அந்த மனிதர் வேண்டுமென்றே கேட்காமல் இருக்கிறார் என்று குடும்பமே கோபப்படுவதைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை.

முன்னாள் படை மருத்துவப் பிரிவு நர்சிங் அசிஸ்டெண்ட், தே.கல்லுப்பட்டி

குண்டு வெடிப்பில் செவிப்பறை கிழிந்தவரைப் பற்றி. ரத்தம் வந்தால் வெளியே சுத்தத் துணி வையுங்கள், உள்ளே எதையும் திணிக்காதீர்கள். தெளிந்த தண்ணீர் போல வடிந்தால் மண்டை எலும்பு முறிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சிய பூண்டெண்ணெய், நல்லெண்ணெய், கோழி இறகு எதுவும் கூடாது. கிழிந்த பறை வழியாக எண்ணெய் நடுக்காதுக்குப் போய்ச் சீழ் பிடிக்கும். குளிக்கும்போது துவாரத்தின் வாயில் மட்டும் வாசலின் தடவிய பஞ்சு, கிணற்றில் குதிப்பதற்குத் தடை, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. சின்னக் கிழிசல் பெரும்பாலும் 3 மாதத்துக்குள் தானாக மூடும். மூடாவிட்டால் ஆபரேஷன். கேட்கும் திறன் திடீரென்று விழுந்தால் தள்ளிப் போடாமல் 72 மணி நேரத்துக்குள் இ.என்.டி. டாக்டரிடம் போங்கள், ஸ்டீராய்டு தேவையா என்று அவர்தான் முடிவு செய்ய முடியும். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளே காதைக் கெடுக்கக்கூடியவை. போடுவதற்கு முன்பே காது அடிபட்டதைச் சொல்லிவிடுங்கள்.

முன்னாள் படைப்பிரிவு கிளார்க், திருமங்கலம்

மேலே இருப்பதெல்லாம் காகிதத்தில் வராவிட்டால் பென்ஷனில் நிற்காது. காது இரைந்த அன்றே எம்.ஐ. ரூம் (படைப்பிரிவின் மருத்துவ அறை) போய்ப் பதிவு செய்ய வேண்டும். அடிபட்டது சம்பவமாக நடந்திருந்தால் ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற படிவத்தில் காய அறிக்கை வேண்டும். படைவீரரின் உடல்தகுதியைக் குறிக்கும் ஷேப் வகைப்பாட்டில் 'எச்' என்பதுதான் செவித்திறன். படையிலிருந்து வெளியே வரும்போது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 படிவத்தில் வரும் மருத்துவக் குழு அறிக்கையில் சேவையால் வந்தது என்றோ, சேவையால் அதிகமானது என்றோ எழுதியிருக்கிறதா, குறையின் சதவீதம் 20-க்குக் கீழே போட்டிருக்கிறார்களா என்று கையெழுத்துக்கு முன்பே வாசியுங்கள். பலர் ஊருக்கு ரயில் ஏறும் அவசரத்தில் வாசிப்பதில்லை. சேரும்போது குறை எதுவும் எழுதப்படாதிருந்தால், மருத்துவக் குழு வேறு காரணம் எழுதிக் காட்டாதவரை, பின்னால் வந்த குறை சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் விதிகள் மாறின. அதற்குப் பிறகு வெளிவந்தவர்கள் புதிய விதியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத வழி கேட்கலாம். வழக்கென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை. பழைய ஆடியோகிராம் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

மீண்டும் ஆடியாலஜிஸ்ட்

கடைசியாகக் காது மெஷின் பற்றி. உயர்சுருதி மட்டும் போனவருக்குத் துவாரத்தை முழுதும் அடைக்காத, ஓட்டை உள்ள ரப்பர் மூடிதான் பொருந்தும். அடைத்தால் சொந்தக் குரல் முழங்கித் தொல்லை தரும். பேட்டரிக்கு நிறம் உண்டு: 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை உரித்து 2, 3 நிமிடம் காற்றில் வைத்த பிறகே போடுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. சித்திரை வெயிலில் வியர்வை இறங்கி மெஷின் நின்று நின்று பேசினால் முதலில் டியூபில் நீர்த்துளி நிற்கிறதா பாருங்கள். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிப் பானை வேண்டாம், தூசி மைக் துளையை அடைத்துவிடும்.