சினிமா சாமியாரும் எங்கள் ஊர்ச் சாமியாரும்

கோயில்பிள்ளை மகள்:
என் அப்பா முப்பது வருடம் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் கோயில்பிள்ளையாக, அதாவது பூசைக்கு உதவி, மணி அடித்து, கல்லறைக் குழி அளந்து கொடுக்கும் ஆளாக இருந்தவர். அதனால் சாமியார்களைப் பூசை உடுப்பு இல்லாமலும் பார்த்து வளர்ந்தேன். சர்க்கரைப் புண்ணோடு முழங்காலிடுபவர், கணக்கு நோட்டைக் கண்டாலே எரிந்து விழுபவர் எல்லோரும் வந்து போயிருக்கிறார்கள். படத்தில் வருபவரோ, ஒன்று ‘மை சன்’ என்று கதாநாயகனை வளர்த்துவிட்டுச் செத்துப்போவார். இல்லையென்றால் அங்கிக்குள் கடத்தல் சரக்கு வைத்திருப்பார். நடுவில் ஆளே இல்லையா?

ராத்திரி ஷோ:
‘புரோக்கன்’ பாருங்கள். பிபிசி டிவி தொடர், 2017, ஆறே பகுதி. ஷான் பீன்தான் பங்குச் சாமியார். உதவி கேட்டு ஒரு தாய் போன் செய்த இரவில் அவர் போகவில்லை. மனநிலை சரியில்லாத அவள் மகனைப் போலீஸ் சுட்டுவிடுகிறது. பூசையில் அப்பத்தைக் கையில் எடுத்தாலே பழைய அவமானங்கள் வந்து குறுக்கே நிற்கும்.

கடற்கரையான்:
மலையாளத்தில் ‘ஈ.மா.யௌ’ (2018) பாருங்கள். செல்லானம் கடற்கரையில் ஒரு சாவு. சாவில் சந்தேகம் என்று சாமியார் கல்லறையில் இடம் தரமாட்டார். மகன் கொட்டும் மழையில் வீட்டு முற்றத்திலேயே குழி தோண்டுவான். நம்ம ‘கடல்’ அரவிந்த்சாமியை விட்டுட்டீங்களே?

கோயில்பிள்ளை மகள்:
‘கடல்’ பார்த்தாச்சு. சாத்தான் வந்து சவால் விடும்வரை சரி.

‘ஈ.மா.யௌ’ அப்பாவோடு பார்த்தேன். “இந்தச் சாமியாருக்குத் துப்பறியிற புத்தி ஜாஸ்தி” என்றார். அவ்வளவுதான் விமர்சனம். ஆனால் குழி தோண்டும்போது எழுந்து வெளியே போய்விட்டார். எத்தனை பேருக்குக் குழி அளந்தவர்!

‘புரோக்கன்’ முடிவில், நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவரை ‘அருமையான சாமியார்’ என்பது எனக்குக் கொஞ்சம் தித்திப்பு. மற்றபடி அந்தக் கை தயங்கும் இடம் இருக்கிறதே, அதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். தாயாரை அடக்கம் செய்துவிட்டு மறுநாளே பூசைக்கு வந்த ஒரு சாமியார், எழுந்தேற்றத்தில், அதாவது மணி அடிக்க அப்பத்தைத் தூக்கிக் காட்டும் நேரத்தில், அதை உயர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பா கைமணியை இன்னொரு தடவை அடித்தார். அப்புறம்தான் கை இறங்கியது.

அந்த இரண்டாவது மணியை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் அப்பா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.